காலடி மண்ணு எடுக்கிற தோட்டம்

அக்கா, கோவிச்சுக்காதீங்க. எட்டிப் பாக்கணும்னு பாக்கல. புள்ள உங்க போனைப் பறிக்கக் கையை நீட்டுச்சு, நான் பிடிச்சு இழுத்தேன், அந்த நேரத்துல கண்ணு தன்னால அங்கிட்டுப் போயிருச்சு. அந்தப் படத்தை இன்னொரு தடவை காட்டுறீங்களா? இதேதான். திராட்சைப் பந்தலுக்கு அடியில ஒரு கூட்டம் சிரிச்சுக்கிட்டு நிக்குதுல்ல, அவுங்க காலுக்குப் பின்னாடி ஒரு பொம்பள குத்தவச்சு உக்காந்திருக்கா பாருங்க. பச்சைச் சேலை. முதுகு மட்டும் தெரியுது.

அது நான்தான்.

நம்பலைன்னா விடுங்க. என் முதுகு எனக்குத் தெரியாதா? கீழ என்னமோ எழுதியிருக்கே, வாசிங்களேன். நான் அஞ்சாவதோட நின்னவ, எழுத்துக்கூட்டிப் படிக்கிறதுக்குள்ள நீங்க படத்தைத் தள்ளிவிட்டுருவீங்க. என்னது? 'திராட்சைப் பள்ளத்தாக்கில் தவறவிடக் கூடாதவை'யா? 'தோட்டத்துப் பெண் உங்கள் காலடி மண்ணை எடுத்து வைத்துக்கொள்வார். விருந்தாளியைத் தெய்வமாக நினைக்கும் பழைய வழக்கம்.'

அடக் கொடுமையே. அப்படியா போட்டிருக்காங்க?

சிரிக்கலக்கா. தூசி, இருமல் வந்துருச்சு.

நீங்க அந்தத் தோட்டம் பாக்கத்தான் கோயமுத்தூர்லருந்து தனியா வாரீங்களா? நல்லது. நான் உத்தமபாளையம் தாண்டித்தான் எறங்கணும். அதுவரைக்கும் பேச்சுத்துணைக்கு ஆச்சு. நான் பொதுவா யார்கூடயும் பேசமாட்டேன். "ஏத்தா, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?"ம்பாரு எங்க வீட்டுக்காரரு. வெளியாளுக வந்தா கதவுக்குப் பின்னாடி நின்னுக்குவேன். இப்பக்கூட உங்ககிட்டப் பேச எனக்குக் கை வேர்க்குது, தொட்டுப் பாருங்க. பாப்பா, அக்கா துப்பட்டாவை வாயில வைக்காத. தன்ஷிகா! பேரு அவுங்க அப்பா வச்சது. என் பேரு பவுன்தாயி. எனக்கு எங்கப்பா வச்சது, அந்தக் காலத்துப் பேரு.

வேற என்னென்ன பாக்கச் சொல்லியிருக்கு அதுல? வாசிங்க, எது உள்ளது எது இல்லாததுன்னு நான் சொல்றேன்.

திராட்சையைத் தொட்டியில போட்டுக் காலால மிதிக்கலாமா? அது எங்க ஜெயக்கொடியக்கா தோட்டந்தான். எங்க வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு அண்ணன், அவரு சம்சாரம் ஜெயக்கொடியக்கா. ரோட்டு மேல முதல் தோட்டம் அவுங்களுது. அதுக்குப் பின்னாடி, ஒரு வரப்புத் தாண்டுனா எங்களுது. அந்தக்கா பன்னண்டாவது வரைக்கும் படிச்சவுங்க. ரோட்டுல பலகை வச்சு, நிழலுக்குக் கொடை நட்டு, ஜூஸ் போட்டு, பெரிய கல்தொட்டி ஒண்ணையும் கொண்டாந்து வச்சிட்டாங்க. மிதிக்கணும்னா மிதிங்க, நான் வேண்டாங்கல. ஆனா அதுல கிடக்கிறது கழிச்சுக் கட்டுன பழம். உதிர்ந்தது, வெடிச்சது, எறும்பு மொய்ச்சது. நல்ல பழத்தை யாராச்சும் காலால மிதிக்கக் குடுப்பாங்களா? வெளியூருக்காரங்க அதுல எறங்கி நின்னு கத்துற கத்து இருக்கே, நான் முதல்நாளு யாரையோ பாம்பு கடிச்சிருச்சுன்னு மம்பட்டியத் தூக்கிக்கிட்டு ஓடினேன்.

உலர் திராட்சையா? வாங்காதீங்க. பாக்கெட்டுல மேல ஒட்டியிருக்கிற படம் மட்டுந்தான் நம்ம ஊரு. உள்ள இருக்கிறது எங்கிருந்தோ லாரியில வருது. நம்ம பன்னீர் திராட்சையில ஒரு பழத்துக்குள்ள மூணு வெதை. காயவச்சா வெதைதான் மிஞ்சும். இதை நான் சொன்னேன்னு அந்தக்காகிட்டச் சொல்லிராதீங்க.

ஒயினா? அது எங்ககிட்டக் கிடையாது. கம்பெனி அங்கிட்டு மேக்க இருக்கு. வேன்ல போறவங்க போயிட்டு வருவாங்க. போறப்ப மரியாதையா, "நல்லா இருக்குங்க தோட்டம்"னு சொல்லிட்டுப் போறவங்க, வாரப்ப கொடியைக் கட்டிப்பிடிச்சு அழுவாங்க. ஒருத்தரு எங்க வீட்டுக்காரரைக் கட்டிப்பிடிச்சு, "இப்படி ஒரு திராட்சைக் குலையை எங்கம்மா சத்தியமா நான் பாத்ததில்ல"ன்னாரு. நான் அவரு நின்ன இடத்தைக் குறிச்சு வச்சுக்கிட்டேன். ஏன்னு கேளுங்க.

கண்ணுக்கா. கண்ணு.

முதல்லருந்து சொல்றேன். எங்களுக்கு ரெண்டு வெட்டு, ரெண்டு அறுவடை, தொடர்ந்தாப்புல போச்சு. ஒரு வெட்டுக்கு, நாளைக்குப் பறிக்கணும்னு இருக்கோம், மழை கொட்டி அம்புட்டுப் பழமும் வெடிச்சிருச்சு. அடுத்த வெட்டுக்குச் சாம்பல் நோய். இலை முழுக்க வெள்ளை. எங்க வீட்டுக்காரரு பந்தலுக்கு அடியில போயி நிப்பாரு, ஒண்ணும் செய்யமாட்டாரு, சும்மா நிப்பாரு. அப்புறம் ஒருநாளு பாஸ்போர்ட்டு போட்டுட்டு வந்தாரு. மஸ்கட்டுல அவரு கூட்டாளி ஒருத்தன் இருக்கான், வேலைக்கு எடுத்துவிடுறேன்னு சொல்லிட்டான். "இந்த ஒரு வெட்டுப் பாக்குறேன் பவுனு. இதுவும் போச்சுன்னா நான் கெளம்பிருவேன்"னாரு. நான் பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருந்தேன், ஊட்டுனேன். அது வேண்டாம் வேண்டாம்னு தலையை ஆட்டுது, நான் பாட்டுக்கு ஊட்டுறேன்.

அதுக்கப்புறம் கவாத்து பண்ணுனாரு. பழைய கொடியை வெட்டிவிடுறதைத்தான் சொல்றேன். வெட்டிவிட்டா புதுசாத் துளிர்த்துக் கொலை கொலையா இறங்கும். இந்தத் தடவை இறங்குச்சு பாருங்க! அண்ணாந்து பாத்தா இலை தெரியல, காய்தான் தெரியுது. குனிஞ்சுதான் நடக்கணும், இல்லைன்னா தலையில இடிக்கும். எனக்குச் சந்தோசம் வரலக்கா, பயம் வந்துச்சு. அந்த நேரம் பாத்துத்தான் ஜெயக்கொடியக்காவுக்கு வெளியூர்க் கூட்டம் வர ஆரம்பிச்சது. அங்க ஜூஸ் குடிச்சிட்டு, தொட்டியில மிதிச்சிட்டு, வரப்புத் தாண்டி எங்க பக்கம் வந்துருவாங்க. வந்து அண்ணாந்து பாப்பாங்க. பாத்து, வாயைத் தொறந்து, "அய்யோ! எவ்வளவு! எவ்வளவு!"ம்பாங்க.

எங்க ஊருல யாரும் அப்படிச் சொல்லமாட்டாங்க. நல்லா காய்ச்ச தோட்டத்தைப் பாத்தா, "என்னப்பா, இந்தவாட்டி சுமார்தான் போல"ன்னு சொல்லிட்டுப் போவாங்க. அதுதான் மரியாதை. பழ வியாபாரி இன்னும் நல்லவரு. அவரு வாயில நல்ல வார்த்தையே வராது. எங்க தோட்டத்துக்கு வந்து, "காய் பொடிசு, காம்பு நீளம், நிறம் சரியில்ல"ன்னு திட்டிக்கிட்டே சுத்தி வருவாரு. எனக்குக் காதுல தேன் பாயும். இந்த வெளியூருக்காரங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியல. உள்ளதை உள்ளபடி சொல்லிப்புடுறாங்க.

கண்ணு பட்டா என்ன செய்யணும்? யாரு பாத்தாங்களோ அவுங்க காலடி மண்ணை ஒரு பிடி எடுத்து, மூணு காஞ்ச மிளகா, கொஞ்சம் உப்பு, கடுகு வச்சு, சுத்தி நெருப்புல போடணும். நெடி வந்தா ஒண்ணுமில்லை. நெடி வரலைன்னா கண்ணு பட்டிருக்கு. உங்க பக்கமும் உண்டுல்ல? பின்ன. ஆளு போனப்புறம் எடுக்கலாம்னா எது யாரு காலடின்னு தெரியாது, ஒண்ணு மேல ஒண்ணு மிதிச்சிருவாங்க. அதனால அவுங்க அண்ணாந்து பாத்துக்கிட்டு இருக்கையிலேயே நான் பின்னாடி போயி, சத்தமில்லாமக் குத்தவச்சு, மெல்ல ஒரு பிடி. ஆரு சொன்னாங்களோ அவுங்க பின்னாடி மட்டும். சும்மா நிக்கிறவுங்க பின்னாடி எடுக்கமாட்டேன், அது தப்பு.

ஒருநாளு ஒரு அம்மா சடக்குனு திரும்பிட்டாங்க. உங்க ஊருப் பக்கந்தான். கண்ணாடி போட்ட அம்மா, பெரிய டீச்சரா இருப்பாங்க போல. "என்னம்மா பண்றே என் காலுக்குப் பின்னாடி?"ன்னாங்க.

எனக்கு உசுரே போயிருச்சு. என்னன்னு சொல்றது? 'நீங்க கண்ணு வச்சிட்டீங்க, அதைக் கழிக்கப் போறேன்'னு வந்தவுங்க மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியுமா? மண்ணை முந்தியில முடிஞ்சுக்கிட்டு, தலையைக் குனிஞ்சு, சிரிச்சேன். எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்.

அந்தம்மா என்னையே பாத்தாங்க. முந்தியப் பாத்தாங்க. அவுங்க கண்ணு கலங்கிருச்சுக்கா! "நான் மிதிச்ச மண்ணையா எடுத்து வச்சுக்கிறே?"ன்னாங்க. நான் தலையை ஆட்டுனேன். அது உண்மைதானே? "இந்த மனசு எங்களுக்கெல்லாம் இல்லாமப் போச்சே"ன்னு என் தலையில கையை வச்சு, பாப்பாவைத் தூக்கி முத்தம் குடுத்து, கூட வந்தவுங்களைக் கூப்பிட்டு, "எல்லாரும் வாங்க, வாங்க, வந்து பாருங்க"ன்னு ஒரே அமளி. அப்ப என்னைத் திரும்பவும் குத்தவைக்கச் சொல்லி எடுத்த படந்தான் உங்க போன்ல இருக்கிறது.

அன்னைக்குச் சாயந்தரம் அந்தம்மா மண்ணைச் சுத்திப் போட்டேன். நெடியே வரல. துளி நெடி வரல. எவ்வளவு நல்ல அம்மா, ஆனா கண்ணு!

அதுக்கப்புறம் வந்த கூட்டம் என்னைக் கேட்டு வர ஆரம்பிச்சது. "மண்ணு எடுக்கிற பொண்ணு எங்கே?" வந்து வரிசையா நிப்பாங்க. செருப்பைக் கழட்டிருவாங்க. ஒருத்தரு கொலுசு போட்ட பொண்டாட்டி காலைக் காட்டி, "இவ காலடியத் தனியா எடுங்க"ம்பாரு. நல்லா சொன்னாத்தான் நான் எடுப்பேன்னு எவனோ சொல்லி வச்சிருக்கான். அதனால ஒவ்வொருத்தரும் அண்ணாந்து பாத்து, பள்ளிக்கூடத்துல செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி, "ஆகா, என்ன காய்! என்ன கொலை! உலகத்துல இது மாதிரி உண்டா!" அப்படின்னு கத்துவாங்க. நான் பின்னாடியே வேகவேகமா எடுப்பேன். பலசரக்குக் கடைக்காரரு, "என்ன பவுனு, வீட்டுல விசேசமா? மிளகா இப்படிப் போகுது"ன்னு கேட்டாரு. சிரிச்சிட்டு வந்துட்டேன்.

ஜெயக்கொடியக்கா தொட்டியில ஆளில்ல. பழம் கிடந்து புளிச்சு, குருவி குடிச்சிட்டுத் தள்ளாடுது. அந்தக்கா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாங்க. நான் என்ன செய்ய? நான் யாரையும் கூப்பிடல. பலகை வைக்கல, ஜூஸ் போடல. வாயைத் தொறக்கல.

நடுவுல ஒரு சிக்கல். கூட்டம் நிக்கிறது எல்லாம் முதல் வரிசை, முதல் கொடிக்குப் பக்கத்துல. அங்கனதான் நிழல், அங்கனதான் போட்டோ நல்லா விழுதாம். நான் மண்ணு எடுக்கிறதும் அங்கனதான். பிடிப் பிடியாத்தானே எடுக்குறோம்னு இருந்துட்டேன். ஒருநாளு எங்க வீட்டுக்காரரு வந்து, "ஏத்தா, முதல் கொடியப் பாத்தியா? வேரு வெளிய தெரியுது. காட்டுப்பன்னி வந்து தோண்டியிருக்கு"ன்னாரு.

நான் என்ன சொல்லட்டும்? "அப்படியா?"ன்னேன்.

மனுசன் முள்ளு வெட்டிப் போட்டாரு. பன்னி சேலையைக் கண்டா வராதுன்னு என் பழைய சேலை நாலை எடுத்து அந்தக் கொடியைச் சுத்திக் கட்டிட்டாரு. அடுத்த நாளு வந்த கூட்டம், "இந்தக் கொடிக்குச் சேலை கட்டியிருக்காங்க, இதுதான் தோட்டத்துத் தெய்வம் போல"ன்னு சேலையத் தொட்டுக் கும்பிட்டுச்சு. ஒரு அம்மா குங்குமம் வச்சாங்க. நானும் கும்பிட்டு வச்சேன். எது சாமின்னு நமக்கென்ன தெரியும்?

வேரை மூடணும்ல? எங்க மண்ணை எடுத்தா இன்னொரு கொடி வேரு தெரியும். வரப்புக்கு அந்தப் பக்கம், ஜெயக்கொடியக்கா தோட்டத்து ஓரமா, நல்ல வண்டல் குமிஞ்சு கிடந்துச்சு. சும்மாதான் கிடக்குது. அவுங்க மதியம் சாப்பிடப் போன நேரமாப் பாத்து, கூடையை எடுத்துக்கிட்டுப் போயி, ஒரு கூடை அள்ளிட்டேன். தூக்கி இடுப்புல வைக்கிறேன், முன்னால வந்து நிக்கிறாங்க. சோறு தின்ன கை, கழுவக்கூட இல்ல.

"அடியே பவுனு. அங்க என்னடி செய்யுற?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லையா? நான் நடக்குற பாதையில, என் காலடி மண்ணையா அள்ளுற?"

எனக்குத் திக்குனு ஆயிருச்சு. நான் அப்படி நினைக்கவே இல்ல. அவுங்க அப்படி எடுத்துக்கிட்டாங்க.

"ஊருல போற வாரவன் காலடியெல்லாம் எடுக்குற, சரி. நான் என்னடி பண்ணுனேன்? நான் எப்ப உன் கொடியை ஏறெடுத்துப் பாத்தேன்? அதுவும் ஒரு கூடை! ஒரு கூடை எடுத்துக் கழிக்கிற அளவுக்கா என் கண்ணு கொள்ளிக்கண்ணு?"

நீங்களே சொல்லுங்க, நான் என்ன சொல்லியிருக்கணும்? மண்ணு திருட வந்தேன்னு சொன்னா மானம் போகும். ஆமாக்கா உங்க காலடிதான்னு சொன்னா உறவு போகும். நான் ரெண்டையும் சொல்லல. சிரிச்சேன்.

அந்தச் சிரிப்புத்தான் வெனையாப் போச்சு. "சிரிக்கிறியா? சிரிக்கிறியாடி?"ன்னு அந்தக்கா போட்ட சத்தத்துல ரோட்டுல போன டவுன்பஸ்ஸு நின்னுருச்சு. அண்ணன் ஓடி வந்தாரு, எங்க வீட்டுக்காரரு ஓடி வந்தாரு. அப்பத்தான் எல்லாம் வெளிய வந்துச்சு. மண்ணு எடுக்கிறது எதுக்குன்னு அந்தக்கா அத்தனை பேரு முன்னாடியும் சொல்லிட்டாங்க. எங்க வீட்டுக்காரரு கூடையப் பாத்தாரு, வரப்பைப் பாத்தாரு, சேலை கட்டுன கொடியப் பாத்தாரு.

"அப்ப பன்னி..."ன்னாரு.

நான் தலையைக் குனிஞ்சேன்.

சிரிச்சாருக்கா. கீழ உக்காந்துட்டாரு, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர வர. "வெளியூருக்காரன் கண்ணு படக்கூடாதுன்னு எங்கொடியவே வேரோட எடுக்கப் பாத்தியேடி"ன்னு. அந்தப் பாஸ்போர்ட்டு வீட்டுக்கு வந்த நாள்லருந்து அவரு சிரிச்சு நான் பாக்கல. எனக்கு அந்தக்கா திட்டுனது கூடக் காதுல விழல, அவரு சிரிக்கிறதையே பாத்துக்கிட்டு நின்னேன். அப்புறம் அவரே மண்ணைப் போட்டு வேரை மூடுனாரு. எரு வச்சு, தண்ணி விட்டு. கொடி பிழைச்சிருச்சு.

ஆனா ஜெயக்கொடியக்கா விடல. மறுநாளு நான் குடத்தோட அவுங்க தோட்டத்து வழியா வாரேன். பின்னாடி சரசரன்னு சத்தம். திரும்பிப் பாத்தா, அந்தக்கா குத்தவச்சு உக்காந்து, என் காலடி மண்ணை அள்ளுறாங்க! என் காலடிய! அன்னைக்குன்னு ஒரு வேன் கூட்டம் நிக்குது. எல்லாரும் கையைத் தட்டி, "பாரேன், இந்த ஊருல ஒருத்தர் மண்ணை ஒருத்தர் எடுத்து வச்சுக்கிறாங்க, எவ்வளவு ஒத்துமை"ங்கிறாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு.

என் கண்ணு என்னக்கா செஞ்சுச்சு? நான் அந்தத் தோட்டத்தைப் பாக்கவே மாட்டேன். காலையில பாலு வாங்க அந்த வழியாத்தான் போகணும், அப்ப பாப்பேன். தண்ணிக்குப் போறப்ப ஒருக்கா. சாயந்தரம் பாப்பாவை வேடிக்கை காட்ட ஒருக்கா. அவ்வளவுதான். மூணாவது வரிசையில தெக்குப் பாத்து ஒரு கொடி இருக்கு. அதுல ஒரு கொலை, என் முழங்கை நீளம் இருக்கும். ஊசி போக இடமில்லாம நெருக்கமா, கருகருன்னு, மேல மாவு பூசின மாதிரி ஒரு மினுக்கம். பக்கத்துலயே அதுக்குத் தங்கச்சி மாதிரி இன்னொண்ணு. நேத்தைக்கு விட இன்னைக்கு ஒரு சுத்து பெருத்திருக்கு. இதெல்லாம் நான் பாக்குறதில்லை, தன்னால கண்ணுல படுறது. பாக்குறது வேற, படுறது வேறல்ல?

எனக்கு யாரு மேலயும் பொறாமை கிடையாது. எங்க பழத்துக்கும் அதுக்கும் பெருசா வித்தியாசம் இல்ல. அவுங்களுது கொஞ்சம் கூடுதல் கருப்பு. கொஞ்சம் கூடுதல் நெருக்கம். கொஞ்சம் பெருசு.

கண்டக்டரண்ணே, உத்தமபாளையம் தாண்டித்தான் நான். இந்தக்காவும் என் கூடத்தான்.

இல்லக்கா, சொல்லி வச்சிட்டா நல்லது, மறந்து வேற எங்கயாச்சும் எறக்கி விட்டுருவாரு. சொல்லி முடிச்சிர்றேன். இந்தப் போன் படம் பரவி, போன வாரம் ஒரு வேன் கம்பெனிக்காரரு வந்தாரு. ஊரு ஊராக் கூட்டம் ஏத்திக்கிட்டு வந்து சுத்திக் காட்டுற கம்பெனி. இனிமே தெனமும் இங்க ஒரு தோட்டத்துல நிறுத்துவாங்களாம். ஒரே ஒரு தோட்டம். நிறுத்துற தோட்டத்துப் பழத்தை அங்கனயே அவுங்களே விலைக்கு எடுத்துக்குவாங்களாம், மழைக்கும் வியாபாரிக்கும் பயப்பட வேண்டியதில்ல. எங்க வீட்டுக்காரரு அதைக் கேட்டுட்டு வந்து, "இது மட்டும் நமக்குக் கெடைச்சா நான் எதுக்குப் பவுனு மஸ்கட்டு போறேன்?"னாரு. அவரு வாயிலருந்து வந்த வார்த்தை அது.

அந்த ஆளு ரெண்டு தோட்டத்தையும் சுத்திப் பாத்தாரு. "மண்ணு எடுக்கிறது ரெண்டு தோட்டத்துலயும் நடக்குதுன்னு கேள்விப்பட்டேன், அதனால காயை வச்சுத்தான் முடிவு. எது பாக்க லட்சணமா தொங்குதோ அது"ன்னுட்டாரு. எங்க தோட்டத்துல நின்னாரு. அந்தக்கா தோட்டத்துல இன்னும் கொஞ்ச நேரம் நின்னாரு. மூணாவது வரிசையில. தெக்குப் பாத்து. இன்னைக்குச் சாயந்தரம் வந்து இன்னொரு தடவை பாத்துட்டு எந்தத் தோட்டம்னு சொல்றாராம்.

அதுக்குத்தான் சின்னமனூருக்குப் போயிட்டு வாரேன். இந்தப் பையில இருக்கிறது கண்ணு படாமக் கட்டுற பூதம் மூஞ்சி. நாக்கைத் தொங்கப்போட்டு, கோரைப்பல்லு வச்சு. எங்க பந்தல்ல வாசலுக்கு நேரா கட்டணும். பாப்பா கடையிலேயே அதுக்கு முத்தம் குடுத்துருச்சு. பயமில்லாத புள்ள, என்னை மாதிரி இல்ல.

என்ன கேட்டீங்க? அவருகிட்டயா? 'போகாதீங்க'ன்னு சொல்லிட வேண்டியதுதானேன்னா?

அதெப்படிக்கா சொல்றது? வெக்கமா இருக்காதா? கட்டுன புருசன்கிட்டப் போயி, நீங்க போனா நான் எப்படி இருப்பேன்னு... ச்சீ. என்ன நினைப்பாரு. நீங்க படிச்சவுங்க, உங்களுக்கு வாயில வந்துரும். எனக்கு இந்த மண்ணு, மிளகா இதுதான் வரும்.

உத்தமபாளையம் தாண்டிருச்சு. அக்கா, நான் ஒண்ணு கேட்டா செய்வீங்களா? பெரிசா ஒண்ணுமில்ல. தோட்டம் பாக்கத்தானே வந்தீங்க, பாக்கத்தான் சொல்றேன். பஸ்ஸு ஏறுனதுலருந்து உங்களைக் கவனிச்சுக்கிட்டு வாரேன். வயலைப் பாத்து அழகுங்கிறீங்க, மலையைப் பாத்து அழகுங்கிறீங்க, எதுத்தாப்புல ஆட்டுக்கூட்டம் போச்சு, அதையும் அழகுன்னீங்க. எல்லாம் அடிமனசுலருந்து வருது. எங்க ஊருல யாருக்கும் அப்படி வராது. உங்களுக்கு நல்ல பெரிய கண்ணுக்கா.

எங்க தோட்டத்துக்குக் கட்டாயம் வாங்க, உங்களுக்கு நானே ஜூஸ் போட்டுத் தாரேன். பந்தலுக்குள்ள மட்டும் குனிஞ்ச தலை நிமிராம வரணும். அண்ணாந்துராதீங்க. ஆனா அதுக்கு முன்னாடி, எறங்குன இடத்துலயே ரோட்டு ஓரமா ஜெயக்கொடியக்கா தோட்டம். பொய் சொல்லச் சொல்லல. அந்த மூணாவது வரிசை, தெக்குப் பாத்த கொடி, அது நெசமாவே அழகுதான். அதைப் பாத்து மனசார ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். சத்தமாச் சொல்லணும்னு கூட இல்ல. அவுங்களுக்கு ஒண்ணும் குறைஞ்சு போகாது, ரெண்டு கொலை சுருங்கும், சாயந்தரம் வரைக்கும். மஸ்கட்டுக்குப் போற புருசனா அவுங்களுக்கு இருக்காரு?

எறங்குங்க, எறங்குங்க, பாத்து. புள்ளைய ஒரு கை பிடிச்சுக்கங்க. அந்தா, அங்க நிக்கிறாங்க பாருங்க அந்தக்கா, கொடைக்கு அடியில. உங்களைப் பாத்ததும் உள்ள வாங்க வாங்கன்னு கூப்பிடுவாங்க, கையைப் பிடிச்சு இழுப்பாங்க. உள்ள போயிராதீங்க. உள்ள காலை வச்சீங்கன்னா மண்ணு எடுத்துருவாங்க, எல்லாம் வீணாப் போயிரும். அந்தக் கொடி இங்கருந்தே தெரியுது, இந்தத் தார்ரோட்டு மேலயே நின்னு சொல்லுங்க. தார்ல யாரும் மண்ணு எடுக்க முடியாது.